உன் வீட்டுக்காரர் பெயரில் ஒரு கேக்

வேலம்பாளையம்,
டிசம்பர் 20.

மகளுக்கு,

உங்கள் பனியன் கம்பெனி வேன் டிரைவரிடம் நீ கொடுத்துவிட்ட கிரான்பெரிப் பழம் வந்தது. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். களாக்காய்க்குப் பனியன் மாட்டிவிட்டது போல இருக்கிறது.

என்னிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள் அனுப்பியதைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் டிரைவர் போய்விட்டார். அதனால் கிறிஸ்துமஸ் கேக்குக்காகத் திராட்சைச் சாற்றில் ஊறிக்கொண்டிருந்த பேரீச்சையோடு கொட்டிவிட்டேன்.

உன் அம்மா இருந்தபோது போலவே மாவைக் கலந்து பேக்கரி அடுப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே அடுப்பு பார்க்கும் இசக்கிமுத்து வாங்கிப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, ஒத்த ஆளுக்கு ரெண்டு தட்டா? சுகர் ஏறிரும்லா?"

"நீ அடுப்புக்காரனா, டாக்டராலே?" என்றேன்.

என் தட்டிலிருந்து ஒரு துண்டு சாப்பிட்டேன். புளிப்பு பரவாயில்லை. மீதி மூடியே இருக்கிறது.

நான் உன் வாசலுக்கு வரமாட்டேன். போனும் செய்யமாட்டேன். இன்னொரு தட்டு பேக்கரியிலேயே இருக்கிறது. மாறிப்போகாமலிருக்கப் பெயர்ச் சீட்டு ஒட்டுவார்களே, அதில் உன் பெயரை எழுதவில்லை. உன் வீட்டுக்காரர் பெயரை எழுதியிருக்கிறேன். அவரே நேரில் வந்து கேட்டால்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நம் வீடு பேக்கரிக்கு அடுத்த சந்துதான் என்று அவரிடம் சொல்.

அப்பா