வெட்டச் சொல்லும் குரல்

அன்புள்ள கூட்டாளிக்கு,

புஞ்சாக் ஆலாமில் காவல் வேலை நிழலில்தானே? மகள் படிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்ததும் நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை.

இங்கே நம்மை மேய்க்கும் மண்டோர்தான் முறைக்கிறார். அதே செம்பனை, அதே கை, குலை மட்டும் குறைகிறதாம். "வயசாச்சா?" என்கிறார்.

உன் இடத்துக்கு வந்த புது ஜோடி இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவன். உன்னைவிடப் பலசாலி. உன்னைப் போல வெற்றிலைக்கு நிற்பதில்லை. நான் அரிவாளைத் தூக்குமுன்னே, மட்டை விழாத பக்கமாய்ப் போய் நின்றுவிடுகிறான். ஆனால் வாய் திறப்பதில்லை. நானோ ஒவ்வொரு மரத்தடியிலும் "ஒதுங்கிட்டியா?" என்று கத்திவிட்டு நிற்கிறேன். அவன் தள்ளி நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தும் கை எழும்புவதில்லை.

"யாருக்குய்யா காத்துக்கிட்டு இருக்க?" என்றார் மண்டோர்.

காது அடைப்பு என்று சொல்லிவைத்தேன்.

அவர் விடவில்லை. உன் சத்தம்தான் தோட்டம் முழுக்கத் தெரியுமே, அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நேற்று நான் குரல் கொடுத்ததும், "ஒதுங்கிட்டேன், வெட்டு லா!" என்றான். கடைசியில் நீ இழுப்பாயே, அதுகூட அப்படியே இருந்தது.

மண்டோர் சிரித்தார். "இப்ப வெட்டு."

வெட்டினேன். சாயங்காலம் வரை நிற்காமல் வெட்டினேன். லோரி நிறைந்துவிட்டது. மண்டோர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டுக்கொண்டேன்: அந்தச் சத்தம் வேண்டாம், நாளையிலிருந்து விசில் அடி, அது போதும்.

இப்படிக்கு,
உன் பழைய ஜோடி