அரைவாசி டொக்டர்

அண்ணை,

இன்றைக்கு அலுமாரியை ஒதுக்கும்போது அந்தப் பிரஷர் மெஷின் அகப்பட்டது. கையில் சுற்றும் பட்டியில் இன்னும் தைல வாசம் போகவில்லை. உங்கள் தைலம் இல்லை. ஃபாரஸ்ட் கேட்டில் எங்களைச் சுற்றி இருக்கிற சனம் முழுக்கப் பூசின தைலம். மணந்ததும் அழுகை வருமென்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது நீங்கள் வாங்கித் தந்தது அது. "டொக்டருக்கு வேற என்னத்தை வாங்கிறது?" என்றீர்கள். நான் படிக்கப் போனது உலக சுகாதாரமும் பொருளாதாரமும், இரண்டையும் சேர்த்து ஒரு பட்டம். நோய் ஏன் ஏழைகளைத் தேடிப் போகிறது, மருந்து ஏன் அவர்களிடம் போய்ச் சேருவதில்லை என்று படிப்பது. நாடி பிடித்துப் பார்ப்பதல்ல. எத்தனை தரம் சொன்னேன்! நீங்களோ கோயிலிலும் கலியாண வீட்டிலும், "தங்கச்சி ரெண்டு படிக்கிறாள். அரைவாசி டொக்டர், அரைவாசி பாங்க் மனேஜர்" என்று பரப்பிவிட்டீர்கள்.

அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான் மேலே கட்டுரை எழுதிக்கொண்டிருக்க, கீழே சனம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இருக்கும். மருந்துக் குளிசைகளைப் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். ஒரு மாமி முழங்காலையே தூக்கிக் காட்டினா. "நான் டொக்டர் இல்லை, மாமி" என்றால், "என்ன அடக்கமான பிள்ளை!" என்று உங்களைப் பார்த்துச் சொல்லுவா. நீங்கள் தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டு சிரிப்பீர்கள். என்ன அரியண்டம் அண்ணை அது!

ஊர்க் கையெல்லாம் சுற்றின அந்தப் பட்டியை உங்கள் கையில் மட்டும் சுற்ற விடவில்லை. ஜெர்மனியில் டைல்ஸ் பதித்து, இங்கே வந்தும் டைல்ஸ் பதித்த மனுஷன். வேலையால் வந்ததும் தலையிடியென்று கண்ணை மூடிக்கொண்டு இருப்பீர்கள். எங்கள் குடும்ப வைத்தியர், அந்த ஜீபியிடம் போகவே மாட்டீர்கள்.

"ஜீபியிட்டப் போங்கோ அண்ணை."

"வீட்டில டொக்டர் இருக்கேக்க ஜீபி என்னத்துக்கு?"

"அப்ப கையைத் தாங்கோ, நான் பாக்கிறன்."

"நீ என்ன டொக்டரே?"

இந்த மனுஷனோடு என்னத்தைக் கதைப்பது?

கடைசி வருஷம் நான் எழுதிய ஆய்வு, பக்கத்திலேயே கிளினிக் இருந்தும் சனம் ஏன் போவதில்லை என்பதைப் பற்றி. தூர தேசத்துக் கிராமங்களைப் பற்றி வாசித்து வாசித்து எழுதினேன். எங்கள் ஜீபி எங்கள் தெரு முனையில் இருந்தார். நல்ல மார்க்ஸ் வந்ததென்று தெரிந்தவர்களுக்கெல்லாம் லட்டுக் கொடுத்தீர்கள். ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை. பட்டமளிப்புக்கு முன்னமே, யாரோ வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தபடியே விழுந்துவிட்டீர்கள். மூளையில் இரத்தம் கசிந்ததாம். கவனிக்காமல் விட்ட பிரஷராம். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே செத்துப்போன உங்களைப் பிடித்து உலுக்கிக் கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. இப்பவும் இருக்கிறது.

போன மாதம் இங்கேயே, எட்மண்டன் பக்கம் ஒரு கலியாணம். சாப்பாட்டு மேசையில் ஒருவர் என் பக்கம் சாய்ந்தார். "நீங்கள் டொக்டர் எல்லோ? ஒரே தலைசுத்துது, பிள்ளை. ஜீபியிட்டப் போக நேரமில்லை."

முன்பென்றால் என் படிப்பை விளக்கத் தொடங்கியிருப்பேன்.

"ஓம், டொக்டர்தான். டொக்டர் சொல்லுறன், நாளைக்கே ஜீபியிட்டப் போங்கோ."

மனுஷன் பயந்துபோய்த் தலையாட்டினார். போயும் இருக்கிறார். நேரத்தோடு வந்தது நல்லதென்று அங்கே சொன்னார்களாம். மனைவி போன் எடுத்து அழுதா.

நீங்கள் அவிழ்த்துவிட்ட பொய்யைத்தான் காவித் திரிகிறேன், அண்ணை. எல்லாரும் நம்புகிறார்கள். நம்பாத ஒரேயொரு ஆள், அதைச் சொன்ன நீங்கள்தான்.