அந்த ஒரு பர்லாங்

மாப்ள,

நேற்று நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊற வைக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். நீ தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டுக் காபி வாங்கிக் குடிப்பாயே, அவளேதான். சட்டை கொல்லைப்பக்கக் கொடியில் தனியாகத் தொங்குகிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மாட்டு வியர்வை வாடை உள்ளே வருகிறது. மயிலைக் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றதில் ஒட்டிய வாடை. அவள் மூக்கைப் பொத்துகிறாள். நான் சன்னலை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

ஜெயித்தாச்சு மாப்ள. உன் மாடுகள் ஜெயித்தாச்சு. அதுவும் நடு மாட்டுப் பந்தயத்தில். எத்தனை வருஷமாக உன்னிடம் தொண்டை வறளக் கத்தினேனோ, அதே நடு மாட்டுப் பந்தயத்தில். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லி, நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. எழுதியாவது ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன்.

நம் சண்டை ஊருக்கே தெரிந்த சண்டைதானே. மாட்டு வண்டிப் பந்தயத்தில் சின்ன மாட்டுக்குத் தூரம் குறைவு, நடு மாட்டுக்கு அதிகம், பெரிய மாட்டுக்கு அதற்கும் அதிகம். நடு மாட்டைச் சின்னதில் இறக்க முடியாது. சின்னதை நடுவில் விட யாரும் தடை சொல்ல மாட்டார்கள். உன் மயிலையும் செவலையும் உயரத்துக்குச் சின்ன மாடுகள். நீ சின்னதிலேயே விட்டாய். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது, இல்லாவிட்டால் மூன்றாவது. வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து நீ சொல்கிற வார்த்தையும் மாறாது.

“இன்னும் ஒரு பர்லாங் இருந்திருந்தா நம்ம மாடு தூக்கிருக்கும்டா.”

அப்படியானால் அந்த ஒரு பர்லாங் இருக்கிற பந்தயத்தில் விடேன் என்பேன். இது தூர மாடு, கடைசியில்தான் சூடு பிடிக்கிறது என்பேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகக் காலத்தை ஓட்டியவன் நான். காலையில் சீறிக்கொண்டு கிளம்புகிற வண்டி எது, சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற வண்டி எது என்று எனக்குத் தெரியாதா? நீ கேட்க மாட்டாய். வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே, “பஸ்ஸும் மாடும் ஒண்ணாடா?” என்று முதுகைக் காட்டிக்கொள்வாய்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கறுப்புக் காளை பெரிய மாட்டுப் பந்தயம் ஓடிவிட்டு வந்து தொழுவத்தில் படுத்தது, எழவே இல்லை. நீ அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு தூரம் என்ற வார்த்தையை எடுத்தாலே உனக்கு ஆகாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் விடாமல் சண்டை போட்டேன், ஏனென்றால் நான் சொன்னது சரி.

போன ஐப்பசியில் நீ பாட்டுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். உன் வீட்டுக்காரி முன்னமே போய்விட்டதால், உன் மகள் பவித்ராவையும் மாடுகளையும் உன் மச்சினன்தான் சோழவந்தானில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புல் அறுத்தார், குளிப்பாட்டினார், சாணி அள்ளினார். ஆனால் பந்தயத்துக்குக் கொண்டுபோக அவருக்கு ஆசையும் இல்லை, ஆளும் இல்லை. மாசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாட்டைத் தேனிப் பக்கம் ஒருவர் கேட்கிறாராம், கொடுத்துவிடலாமா என்றார். ஓடுகிற மாட்டைக் கட்டிப்போட்டு வைப்பது பாவம், ஆம்பிளை இல்லாத வீட்டில் இது எதற்கு என்றும் சொன்னார்.

பவித்ரா அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் இங்கே நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்த கையைக் கழுவாமலே வந்து நின்றாள்.

“நா இருக்கேன்ல மாமா,” என்றாள் அவரிடம். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்க்கக் கூடாது மாப்ள. உன் கண்தான் அவளுக்கும். அவளுக்கு உன்னுடையது என்று மிச்சம் இருப்பது அந்த இரண்டு மாடுகள்தான். அதையும் லாரியில் ஏற்றிவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

நான் வாயை விட்டேன். சித்திரையில் வண்டியூரைத் தாண்டிக் கிழக்கே ஒரு ஊரில் கோயில் பந்தயம் இருக்கிறது, அதில் முதலாவது வந்தால் மாடு பவித்ராவுடையது, அதற்குப் பிறகு யாரும் பேசக் கூடாது என்றேன். உன் மச்சினன் நிதானமாகக் கேட்டார்.

“தோத்துட்டா?”

“தோத்துட்டா நானே கயித்தப் பிடிச்சு லாரியில ஏத்தி விடுறேன்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. பவித்ரா வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வருவாள். இப்போதெல்லாம் எல்லாப் பந்தயத்தையும் யாராவது பைக்கில் பின்னாலேயே போய் வீடியோ எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவள் செல்போனில் தேடித் தேடி எடுப்பாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி போடு, மறுபடி போடு என்பேன்.

அந்தப் பந்தயத்துக்கு வருகிற மாடுகளில் தேனி ஜோடியைத்தான் எல்லாரும் கும்பிட்டார்கள். கிளம்பினால் அம்புதான். ஆனால் திரும்பி வரும்போது இடப்பக்கத்து மாடு தலையைத் தொங்கப்போடுவதை நான் பார்த்துவிட்டேன். சுற்றி நிற்கிறவன் கிளம்புகிற வேகத்தைப் பார்த்துப் பந்தயம் கட்டிவிட்டுப் பிறகு வாயைப் பிளப்பான். மேலூர் ஜோடிக்குத் திருப்பம் வராது. எல்லையில் கொடியைச் சுற்றித் திரும்பும்போது உள்பக்கத்து மாடு நின்று கொடுக்க வேண்டும். அது நிற்காமல் வெளியே தள்ளும். வண்டி அரை ரோட்டைச் சுற்றிவிட்டுத்தான் நிமிரும். எனக்குப் பயம் சிவகங்கை ஜோடி மேல்தான். நம் மாடு மாதிரியே பொறுத்து வருகிற மாடு. சாரதியும் நிதானமான ஆள். அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் நீ சிரித்தே செத்திருப்பாய்.

கடைசியில் மாட்டை விட்டுவிட்டுப் பந்தயம் நடக்கிற ரோட்டைப் பார்க்கப் போனேன். மொபெட்டில் போய் எல்லை வரை ஓட்டிப் பார்த்தேன். ஊர் கண்மாய்க் கரை மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து ரோடு வயலுக்குள் சறுக்கிக்கொண்டு இறங்குகிறது. போகும்போது எந்த மாடும் பறக்கும். வரும்போது அதே சறுக்கல் ஏற்றம், அதுவும் முடிகிற இடத்தில். அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உன்னைத்தான் நினைத்தேன். உன் ஒரு பர்லாங் அங்கேதான் கிடந்தது மாப்ள, மேட்டில் ஏறிக்கொண்டு.

பந்தயத்தன்று சின்ன மாட்டில் பெயரைக் கொடு, நடுவில் விட்டு மானத்தை வாங்காதே என்று உன் கூட்டாளிகள் எல்லாம் சொன்னார்கள். உன் பழைய சாரதி பாண்டிக்கும் மனசில்லை. திரும்புகிற வரைக்கும் எவனையும் முந்தாதே என்று நான் சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது. “ஊரே பாக்க பின்னால போறதா?” என்றான். பவித்ராதான் நடுவில் புகுந்து, மாமா சொல்கிறபடி செய்யுங்கள் அண்ணே என்றாள்.

நானும் அவளும் கரை மேட்டில் போய் நின்றுகொண்டோம். உன் மச்சினனும் வந்து நின்றார். வெடி போட்டதும் வண்டிகள் இறங்கின. தேனி முன்னால், ஒட்டி மேலூர், அப்புறம் யார் யாரோ. நம் வண்டி கடைசிக்கு முந்தினது. கூட்டத்தில் எவனோ நம் மாட்டைப் பார்த்து ரேஷனுக்குப் போகுது என்றான். உன் மச்சினன் என் காதோரம் குனிந்தார். “லாரிக்குச் சொல்லிரவா அண்ணே?” என்றார். கிண்டலில்லை, நிஜமாகத்தான் கேட்டார். பவித்ரா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

வண்டிகள் கண்ணுக்கு மறைந்த பிறகு இருக்கிறதே, அந்த நேரம், அதைக் கடப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. மைக்கில் ஆள் கத்திக்கொண்டே இருந்தான். மேலூர் திருப்பத்தில் அகன்று போய்விட்டது என்றான். நான் பவித்ராவைப் பார்த்தேன். நான் சொன்னதில் ஒன்று சரியாகிவிட்டது. பிறகு வயல் ரோட்டில் கொம்புகள் தெரிந்தன. தேனி முன்னால்தான் வந்தது, ஆனால் ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் அந்த இடப்பக்கத்து மாடு, நான் சொன்ன அதே மாடு, தலையைத் தொங்கப்போட்டது. சிவகங்கை வெளியே எடுத்துத் தாண்டியது. அதன் சக்கரத்தை ஒட்டி, பாதி ரோட்டில், நம் செவலையின் நெற்றி.

ஏறினார்கள் மாப்ள. எல்லா வண்டியும் அந்த இடத்தில் தளர்ந்தது, நம் வண்டி மட்டும் தளரவில்லை. பாண்டி கம்பைத் தூக்கவே இல்லை, வாயால்தான் கூப்பிட்டான். பாதி மேட்டில் இரண்டு வண்டியும் சரிக்குச் சமம். அப்போதுதான் மயிலையின் வாயைப் பார்த்தேன். திறந்திருந்தது. விலா எலும்பு உள்ளே போய் வெளியே வந்தது. எனக்கு அந்தக் கறுப்புக் காளை ஞாபகம் வந்துவிட்டது. பந்தயம், லாரி, நான் விட்ட வாய், எல்லாம் மறந்துபோச்சு. நான் கத்தினேன்.

“பாண்டி, இழுத்துப் பிடிடா, போதும்டா!”

நல்லவேளை, அந்தச் சத்தத்தில் பாண்டி காதில் விழவில்லை. மயிலைக்கும் விழவில்லை. சிவகங்கையை மேட்டின் உச்சியில் தாண்டி, முடிவுக் கோட்டைக் கடந்து, அதற்கப்புறமும் நிற்க மனசில்லாமல் கோயில் வாசல் வரைக்கும் போய்த்தான் நின்றார்கள். நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதை அதன் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். மூச்சு இறங்கும் வரை விடவில்லை. அது வாளியில் வாயை வைத்துத் தண்ணீரை உறிஞ்சியபோது அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். ரேஷன் என்று சொன்னவனைத் தேடினேன், ஆள் ஓடிவிட்டான்.

உன் மச்சினன் மாடுகளுக்கு மாலை போட்டார். பிறகு இரண்டு கயிற்றையும் எடுத்துப் பவித்ரா கையில் கொடுத்தார்.

“இந்தாத்தா, உன் மாடு.”

அவ்வளவுதான் சொன்னார். அவள் கயிற்றை வாங்கிக்கொண்டு நின்ற நிமிர்வைப் பார்க்க நீ இல்லையே என்று எனக்கு உன் மேல் கோபமே வந்தது.

ஊருக்குத் திரும்பும்போது மாடுகளை ஏற்றிய வேனுக்குப் பின்னாலேயே அவளுடைய ஸ்கூட்டியில் வந்தோம். வேன்காரனை மெதுவாகப் போகச் சொல், மாடு களைத்திருக்கிறது, வழியில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் காட்டு என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தாள்.

“மாமா, ஆடியில பெரிய மாட்டுல விட்டுப் பாப்பமா?”

“வாயக் கழுவு. அந்தத் தூரமெல்லாம் நம்ம மாட்டுக்கு ஆகாது.”

அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். கைப்பிடியில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சொன்னதென்னவென்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பயந்தாங்கொள்ளி என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன். அந்தப் பயத்தை நீ கொண்டுபோகவில்லை மாப்ள, என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். இருக்கட்டும், உனக்காக நான் பயந்துகொள்கிறேன். அந்தப் பிள்ளை பெரிய மாடு பெரிய மாடு என்று இனி என்னிடம் சண்டைக்கு வரும், வரட்டும். ஒரு நாள் அவள் சொல்வதே சரியென்று ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது. ஆனால் நம் இரண்டு பேர் வழக்கில் ஜெயித்தது நான்தான், அதை நீ ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்.