பாப்பாவின் ரத்தம் ஏன் பதில் சொல்லவில்லை

என்னங்க,

பாப்பாவின் டி.பி. பரிசோதனை இரண்டாம் முறையும் 'முடிவு தெரியவில்லை' என்றே வந்திருக்கிறது. "உங்க லேப் மெஷினைக் காயலான் கடையில போடு, என் பிள்ளையை இனிமே குத்த விடமாட்டேன்" என்று நேற்றுக் கத்தினீர்கள். மெஷின்மேல் தப்பில்லை. அன்று அதில் நான் சோதித்த மற்ற பிள்ளைகளுக்குச் சரியாகத்தான் வந்தது.

இந்தப் பரிசோதனை ரத்தத்திடம், "டி.பி. கிருமியை முன்னே பார்த்திருக்கிறாயா?" என்று கேட்கிறது. கூடவே இன்னொரு குழாயில், எந்த ரத்தத்தையும் உசுப்பிவிடும் ஒரு மருந்து இருக்கும். பாப்பாவின் ரத்தம் அதற்கே அசையவில்லை. அப்படியிருக்க, அதன் மௌனத்தை 'நோய் இல்லை' என்று எப்படி எடுத்துக்கொள்வது? உங்கள் தம்பி டி.பி.யோடு இருமிக்கொண்டிருந்த அறையில்தானே அவள் விளையாடினாள்?

மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் மலப் பரிசோதனையில் ஒரு துப்புக் கிடைத்தது: வயிற்றில் புழு. ஓசியில் தங்க வந்தவன் வீட்டு நாய் குரைக்காமலிருக்க எலும்பு போடுவதுபோல, புழுவும் உடம்பின் எதிர்ப்பை அடக்கிவைக்கலாமாம். டாக்டருக்கும் அதே சந்தேகம்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

தம்பியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பாவம், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்.

முக்கியமானதை மறந்துவிட்டேன்: புழு மாத்திரை ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. பாப்பா சாப்பிட்டதும் கொடுங்கள், மென்று விழுங்கட்டும். சாயந்திரம் நெஞ்சு எக்ஸ்ரே, அதற்கு ஊசி கிடையாது. புழு போனபின் மறுபடி ரத்தம் எடுப்போம். நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், நான் குத்துகிறேன்.