கருங்கரைத் தீவின் வைத்தியன் வாராமை உரைத்த ஓலை

நாற்பத்தொரு பொன்னும் ஆறு பணமும் எங்கள் நூற்றூண் கல்விச் சாலைக்குத் தரவேண்டியவரும், கருங்கரைத் தீவின் நான்கு துறைக்கும் தலைவியும், புயலுக்கு மூன்று முறை ஊரைக் கொடுத்து மூன்று முறையும் திரும்பக் கட்டியவருமாகிய நாகக்கோதை நாச்சியார் திருமுன்பு, வெண்கோட்டு நாடாளும் திருநெடுங்கோ மன்னர் ஆணையால், அலைவாய்த் துறையில் மூட்டை சுமக்கும் அந்துவன் எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் படகுகள் கரை சேர்க. தங்கள் கிணறுகள் உப்பாகாதிருக்க. தங்கள் பிள்ளைகளின் காய்ச்சல் இறங்குக.

அரச ஓலையைச் சுமைகாரன் எழுதுவதா என்று தங்கள் அவையில் எவரும் முகம் சுளிக்க வேண்டா. இங்குள்ள முறை அது. எங்கள் துறையில் கப்பல் கரை தொடாது. அயல்நாட்டு மாணாக்கனை எவன் தோளேற்றி அலை கடத்திக் கரையில் இறக்குகிறானோ, அவனே அவனுக்குப் பிணை. மாணாக்கன் நோயுற்றாலும் கடன்பட்டாலும் அவன் நாட்டுக்கு ஓலை எழுத வேண்டியவனும் அப்பிணையாளனே. எட்டாண்டுக்கு முன் தங்கள் தீவின் திமிலனைத் தோளேற்றியவன் அந்துவன். அதன் பொருட்டே நாற்பது வயதுக்கு மேல் எழுத்தாணி பிடித்தான்.

சாலையின் பெருமையை முதலில் எழுதுக என்பது ஆணை. எழுநூறாண்டு பழமை. மருத்துவமும் வானநூலும் கலங்கட்டும் கணக்கும் அங்கே உண்டு. எக்குலம், எத்தெய்வம் என்று வாயிலில் எவரும் கேட்பதில்லை. மருத்துவம் கற்பவன் நாடி பிடிக்குமுன் ஓராண்டு நோயாளிக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். திமிலன் காய்ச்சிய, உப்புக் கரித்த முதற் கஞ்சியை வாயில் வைத்த கிழவர் ஒருவர், "தம்பி, கடலை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றாராம். அதே கிழவர் மறு மாதம் திமிலனைத் தவிர வேறெவரையும் தம் அருகில் விடவில்லை. ஐந்தாண்டில் அவன் தேறினான். காய்ச்சல் பிரிவில் அவனுக்கு நிகர் இன்றில்லை.

அயல்நாட்டார்க்குப் பாடம் இலவசம், சோறு அவரவர் நாட்டுப் பொறுப்பு. தங்கள் பொன் மூன்றாம் ஆண்டோடு நின்றது. சோற்றுக் கடன் தீராமல் மாணாக்கன் நாடு திரும்பலாகாது. காய்ச்சலால் படகேற ஆளில்லை, மீனில்லாமல் பொன்னில்லை, வைத்தியன் வந்தால் ஆள் எழும், ஆள் எழுந்தால் பொன் வரும், ஆதலால் அவனை முன்னே அனுப்புக என்றும், இவ்வாண்டு பதினோரு பிள்ளைகளைப் புதைத்தோம் என்றும், அவனுக்கென வீடு கட்டிக் கதவு மாட்டி வைத்திருக்கிறோம் என்றும் தாங்கள் எழுதினீர்கள். அவ்வோலையை எடுத்துக்கொண்டு அந்துவன் சாலைக் கண்காணியாரிடம் போனான். அவரும் நல்லவர்தான். இருமுறை படித்தார். பிறகு, "ஒருத்தனுக்கு விட்டா ஒம்பது தீவும் வாசல்ல வந்து நிக்கும்யா, நான் என்ன செய்ய?" என்றார். அந்துவன் சேர்த்திருந்த இரண்டு பொன்னை வைத்தான். அதை எடுத்து அவன் மடியிலேயே திரும்பக் கட்டிவிட்டார். மருந்து முறையையாவது எழுதி அனுப்பலாமா என்று கேட்டான். கடன் தீரும்வரை கல்வி ஈடாக இருக்கையில் அதை எழுதிய எழுத்தும் ஈடே என்று விடை வந்தது.

தேறி மூன்றாண்டு கடந்த தைப் பௌர்ணமிக்குள் கடன் தீராவிடில், அக்கடனுக்கு ஈடாக மாணாக்கன் ஆயுள் முழுதும் சாலைக்கே உரியவன் என்பது கல்லில் வெட்டிய விதி. பௌர்ணமிக்கு முந்தின நாள் தங்கள் திசைக்குப் போகும் கடைசிக் கப்பல் அலைக்கு அப்பால் நின்றது. அந்துவன் எவரையும் கேட்கவில்லை. திமிலனைத் தோளேற்றி நீரில் இறங்கினான். மார்பளவு நீரில், கப்பலுக்கு ஆளேற்றும் படகுக்காரன் துடுப்பை நீட்டி மறித்தான்.

"சாலை முத்திரை எங்க?"

"இல்லை."

"இல்லாம ஏத்தினா என் படகைக் கொளுத்திடுவாங்க அந்துவா. மூட்டைய எறக்கினா வேலை முடிஞ்சுதுன்னு போறவன்தானே நீ? இந்த ஒரு மூட்டைய மட்டும் எட்டு வருசமா சுமந்துக்கிட்டுத் திரியுறே."

அந்துவன் நகரவில்லை. அலை மேலும் இரண்டு வந்து போயின. திமிலன்தான் குனிந்து, "போதும்ணே, திரும்புங்க. அலை உங்க கழுத்துக்கு வருது" என்றான். கப்பல் போயிற்று.

இனி ஆணை. முத்திரையின்றிக் கடலில் இறங்கிய குற்றத்துக்காக அந்துவனின் பிணையுரிமை நீக்கப்பட்டது. இவ்வோலையே அவன் எழுதும் கடைசி ஓலை. திமிலன் இன்று முதல் சாலை மருத்துவன். அவன் பெயருக்கு முன்னிருந்த தங்கள் தீவின் பெயர் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. இவ்வாண்டு கடல்கடந்து வருவோர்க்கு நாற்பது இடம் உண்டு. மருத்துவத்துக்கு மட்டும் பன்னிரண்டு. மன்னர் தங்கள் தீவை அன்புடன் நினைந்து, அறிவுடைய பிள்ளை ஒன்றை அடுத்த பருவக்காற்றில் அனுப்புமாறு அழைக்கிறார். எழுதுக என்றார்கள், அந்துவன் எழுதினான்.

தைத்திங்கள் பௌர்ணமிக்கு மறுநாள், சாலை முற்றத்தில், கண்காணியார் காண, திமிலன் காண, அரச முத்திரை பொறித்து முடிந்தது. நாற்பத்தொரு பொன்னும் ஆறு பணமும் கழிந்தன. நாச்சியாரே, இனித் தங்கள் தீவு எங்களுக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை.