சாங்மி சந்தின் ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்

ஜூன் 4
வேலை செய்துவிட்டது! மூன்று மாதமாக என் உயிரை வாங்கிய வெள்ளக் கணிப்பு மாதிரி இன்று ஒரு பிழையும் காட்டாமல் கணினியில் ஓடி முடிந்தது. பள்ளி மைதானத்துக்கு அடியில் பெரிய மழைநீர்த் தொட்டி கட்டுவதா, சாங்மி சந்து முழுக்க மழைநீரை உள்வாங்கும் பள்ளமான மழைத்தோட்டமும் தண்ணீர் உறிஞ்சும் நடைபாதையும் போடுவதா? தோட்டத்துக்குத் தொட்டிச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். வெள்ளம் குறைவது கிட்டத்தட்ட அதே அளவு. ஓடையில் சேரும் அழுக்கு பாதியாகிறது, தெருவுக்கு நிழல் வேறு. கால் தரையில் பாவவில்லை எனக்கு.

எங்கள் நகராட்சி வடிகால் பிரிவுத் தலைவர் யோம் சார் திரையை எட்டிப் பார்த்தார். "பூச்செடி வெச்சு வெள்ளத்தை நிறுத்தப் போறியாக்கும்? கவுன்சில்ல சிரிப்பாங்க ஹேரின்."

சிரிக்கட்டும். ஜூலை முதல் தேதி பேசப்போவது நான்தான்.

ஜூன் 5
சலவைக்கடை பியோ அக்காவைப் பார்த்தேன். பாதி தரைக்குக் கீழே இருக்கும் கடை. என் குளிர்காலக் கோட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

"எடுத்துட்டுப் போயிடும்மா. இந்த வருஷமும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா கடையை மூடிடுவேன். மூணாவது தடவையெல்லாம் தாங்காது."

போன ஜூலை மழையே திரும்ப வந்தாலும், இப்போதிருக்கிற வடிகாலிலேயே உங்கள் வாசலில் பத்து சென்டிமீட்டர்தான் நிற்கும் என்கிறது என் மாதிரி, வாசல்படி உயரம் பதினைந்து என்று பெருமையடித்தேன். அக்கா வெளிச்சுவரைக் காட்டினார். போன ஜூலை வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு. அளந்தேன்.

ஐம்பத்து நான்கு.

மாதிரியை நிஜத்தோடு சரிபார்க்காமலே ஆடியிருக்கிறேன்.

ஜூன் 9
சரிவு, குழாய் அளவு எல்லாம் பார்த்தாயிற்று. மாதிரி மறுபடியும் பத்து என்கிறது. ச்சே!

ஜூன் 17
கண்டுபிடித்துவிட்டேன்!! மதியம் நல்ல மழை. குளிர் நூடுல்ஸைப் பாதியில் விட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினேன். தண்ணீர் வடிகால்மேல் ஏறிப் போகிறது, உள்ளே இறங்கவே இல்லை! கம்பி மூடிகளின்மேல் ரப்பர் விரிப்பு. நாற்பத்தெட்டு மூடிகளில் முப்பத்தொன்றில். அக்கா கடை முன்னாலும்.

"சாக்கடை நாறுதும்மா! துணியில ஏறிட்டா எவ வாங்குவா?"

திரும்பி வந்து மாதிரியிலும் முப்பத்தொன்றை அடைத்தேன். ஐம்பத்து மூன்று! கத்தியே விட்டேன், யோம் சார் காபியைக் கொட்டிக்கொண்டார்.

ஆனால் விரிப்பு இருந்தால் தொட்டி கட்டினாலும் ஐம்பது. தண்ணீர் உள்ளே போனால்தானே தொட்டி நிறையும்? என் தோட்டத்துக்கும் நாற்பது. விரிப்பை எடுத்துவிட்டு, நாற்றத்தை அடைத்து, தண்ணீர் விழுந்தால் மட்டும் திறக்கும் தடுப்பை மூடிகளுக்கு அடியில் போட்டால்? அது மட்டும் போட்டாலே — பன்னிரண்டு. தோட்டமும் சேர்ந்தால் நான்கு.

ஜூன் 17, மாலை
என் வீட்டு வாசலிலும் விரிப்பு. ஏப்ரலில் நானேதான் போட்டேன். நானே! தூ.

ஜூலை 1
கவுன்சிலில் என் முதல் வாக்கியமே, "என் மாதிரி தப்பு." யோம் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. என் வாசல் விரிப்பையும் சொல்லிவிட்டேன். ஒரே சிரிப்பு. அப்புறம் ஓர் உறுப்பினர் மெல்லக் கை தூக்கினார்: "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு." இன்னொருவர். மூன்றாவது ஆள்.

முடிவு: தடுப்பு இந்த மாதமே. தோட்டம் இலையுதிர் காலத்தில். தொட்டி இப்போதைக்கு இல்லை. லிஃப்டில் யோம் சார், "ஜெயிச்சிட்டியே பூச்செடிக்காரி!" என்றார். பறக்கிறேன்.

ஜூலை 14
தடுப்பு போட்டாயிற்று. விரிப்பை எடுக்கமாட்டேன் என்கிறார் அக்கா. "மூணு நாள் மோந்து பாத்துட்டுதான் எடுப்பேன்."

ஜூலை 17
எடுத்துவிட்டார்!

ஆகஸ்ட் 8
காலையிலிருந்து கொட்டித் தீர்த்தது, கிட்டத்தட்ட போன ஜூலை அளவு. மூன்று மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"ஸ்கேல் வெச்சு அளந்தேன். பதிமூணு! நீ பன்னண்டுன்னுதானே சொன்னே? ஒண்ணு ஜாஸ்தி. என்னத்தைப் படிச்சே நீ?"

படி நனைந்திருக்கிறது, கடைக்குள் ஒரு சொட்டு இல்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோட்டை எடுத்துக்கொள்ள வரட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு? குளிர் வரட்டும், வந்து வாங்கிக்கோ."