உன் கையிலிருந்து வாங்கிய உலக்கை

மச்சாள், உனக்கு வந்தது ஒரு வருத்தம், யாருக்கும் வரக்கூடிய நோய், அவ்வளவுதான். அதற்காக, அம்மன் கோயிலில் நெல்லுக் குத்திக்கொண்டிருந்த உன் கையிலிருந்து உலக்கையை வாங்கி உன்னை வெளியே அனுப்பினார்கள். அது அநியாயம். நீ செத்த பிறகும் அது அநியாயம்தான்.

இன்று காலை பக்கத்து வளவில் கஜு, முந்திரிக்கொட்டை, சுட்டார்கள். கோதுப் பால் எரிந்த புகை வீட்டுக்குள் வந்ததும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

சின்ன வயதில் கையில் பாலுண்ணி வந்தால் நாங்கள் பூசியது அந்தப் பால்தானே. அதனால் பெண்ணுறுப்பில் பாலுண்ணி முளைத்தபோதும் யாருக்கும் சொல்லாமல் நீ அதையே பூசினாய். வெந்து புண்ணாகி, நடக்க முடியாமல் போனபிறகுதான் என்னைக் கூப்பிட்டாய். ஆட்டோவில் என் மடியில் தலைவைத்துப் படுத்தபடி, "இனிச் செத்தாலும் கஜு தின்னமாட்டன் கா" என்று சிரிக்கவும் செய்தாய்.

ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளை உன்னை ஏசவில்லை. "இது வைரஸ் அம்மா. உறவில தோலோட தோல் பட்டுத் தொத்தும். வருசக்கணக்கா வெளியில தெரியாமலும் கிடக்கும். எப்ப, யாரால வந்ததெண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது" என்றா. இந்தப் பாலுண்ணி புற்றுநோயாக மாறாது, ஆனாலும் கர்ப்பப்பை வாயைச் சோதித்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னா. புண் ஆறியபின் மருந்து வைத்தார்கள், உதிர்ந்தது. திரும்ப முளைத்தபோது, "வயல் வட்டையில களை மாதிரி வருகுது" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் போனாய்.

பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்த ஊர்க்காரி கேட்டதெல்லாம் உனக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டது. வைகாசிச் சடங்கில், கோயிலை நடத்தும் வண்ணக்கர் உரலடிக்கு வந்து, "நீ குத்த ஒண்ணா பிள்ளை, துடக்கு" என்று உன்னைத் தீட்டாக்கினார். அன்றைக்கு அம்மனுக்குக் குடை பிடித்து நடந்தவர் உன் புருஷன். அவரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. உன்னைக் கேட்டவர்கள் அவரைக் கேட்கவில்லை என்கிறேன்.

உன் உலக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நானும் உன்னோடு வந்துவிட்டேன். நெஞ்சு நோவில் நீ போகும்வரை ஒருத்தரும் உன்னைக் கூப்பிடவில்லை. நான் இன்றுவரை அந்த உரலடிக்குப் போகவில்லை. கிழவிக்குப் பிடிவாதம் என்கிறார்கள். இருக்கட்டும். ஒரே உரலில் உன் உலக்கை ஏற, என்னுடையது இறங்கும். நான் பிந்தினால், "என்னகா மச்சாள், நித்திரையோ?" என்பாய். எங்காவது மா இடிக்கும் சத்தம் கேட்டால் இப்போதும் அந்தக் கேலிக்காகக் காது கொடுக்கிறேன்.

உன் உலக்கை என் வீட்டு மூலையில் நிற்கிறது. இனி நடக்கவேண்டியது இது. வண்ணக்கர் உன் வாசலுக்கு வந்து, செய்தது பிழை என்று உன் மகளிடம் சொல்ல வேண்டும். கிளினிக் மிஸ், அந்த மருத்துவிச்சி, தாய்மார் கூட்டத்தில் இந்த வருத்தத்தின் பெயரை விழுங்காமல் சொல்ல வேண்டும். கஜுப் பாலும் சுண்ணாம்பும் அந்த இடத்தில் பூசக்கூடாது என்றும் சொல்ல வேண்டும். புருஷன்மாரும் போய்க் காட்ட வேண்டும், உன்னுடையவர் முதலில். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இந்த வைரசுக்காகப் போடும் ஊசியைத் தாய்மார் மறிக்கக்கூடாது. வருகிற வைகாசியில் உன் மகள் இந்த உலக்கையோடு என் எதிரே நிற்க வேண்டும். நான் பிந்தினால் அவள் என்னைக் கேலி பண்ண வேண்டும்.